புத்தம் புது ஓவன்

ஜூன் 4

எறும்பின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது. ஆறாவது நிமிடம் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. "இனிமே எதுவானாலும் லெட்டர் எழுது, நிதானமா படிச்சிட்டுப் பதில் சொல்றேன்" என்று சொல்லி போன ஞாயிறு வைத்தீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை, அந்த மட்டில் நிம்மதி.

அன்று கேட்டதையே மறுபடி கேட்கிறேன். டிசம்பரோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்கு வருகிறீர்களா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்களா? இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவர். ஐந்து ஆகிறது. நடுவில் ஒரே ஒரு லீவு, இருபது நாள். அப்போது எறும்புக்கு ஆறு வயது. இப்போது எட்டு. முன்பல் விழுந்து முளைத்தும் ஆகிவிட்டது, நீங்கள் ஓட்டைப் பல்லைப் பார்க்கவே இல்லை.

அது இருக்கட்டும். உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் எங்கப்பா ரொட்டி ஃபேக்டரியில் இருக்கிறார் என்று ஊர்ப்பட்ட பீற்றல் பீற்றியிருக்கிறாள். ஒருத்தி, "அப்ப உங்க வீட்ல சுட்ட ரொட்டியைக் கொண்டு வா பாப்போம்" என்று மடக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒரே ஆர்ப்பாட்டம். அந்த லீவில் ஒரு ஓவன் கொண்டு வந்தீர்களே, "புத்தம் புதுசு, அடுத்த தடவை நான் வந்து சொல்லித் தர்றேன், அதுவரைக்கும் பிரிக்காதே" என்று. அடுத்த தடவை வரவில்லை. ஓவன் இரண்டு வருஷமாகப் பீரோ மேல் போர்வைக்குள் இருந்தது. இறக்கிப் பிரித்துவிட்டோம்.

உங்களைக் கடைக்காரன் நன்றாக ஏமாற்றியிருக்கிறான். டிரேயின் மூலையில் கருகிய துகள் ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டில் மஞ்சள் நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்று, பாதி பிய்ந்தது. எறும்பு உடனே, "யாரோ ஒரு பாப்பா ஒட்டியிருக்கா" என்றாள். கடையில் காட்சிக்கு வைத்ததைத் தலையில் கட்டியிருப்பான், அவன் பிள்ளை ஒட்டியிருக்கும் என்று சொன்னேன். நீங்கள் எப்போதும் யார் என்ன சொன்னாலும் நம்புகிற ஆள்.

முதல் ரொட்டி சுட்டோம். அதை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம். எப்படிச் செய்வது என்று அளவோடு எழுதுங்கள். நான் தையல்காரி, கண் திட்டம் எல்லாம் எனக்குச் சரிப்படாது, அளவு சொன்னால் செய்வேன்.

எறும்பின் அம்மா


ஜூன் 19

எறும்பின் அம்மாவுக்கு,

ஆணி அடிக்கிற ரொட்டியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அறையே திரும்பிப் பார்த்தது. அறை என்றால் தெரியுமே, ஆறு பேர், அடுக்குக் கட்டில். நான் மேலே, எனக்குக் கீழே எலக்ட்ரீஷியன். அவர் தூக்கத்தில் திட்டுகிற ஆள். இங்கே தண்ணீர் சுட வைக்கிற கெட்டில் வைத்திருந்தால்கூட வார்டன் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். விடுதிச் சாப்பாடுதான். உன் கை ருசியெல்லாம் மறந்து போயிற்று.

நீங்கள் இரண்டு பேரும் நினைப்பதுபோல் நான் ரொட்டி சுடுகிறவன் இல்லை. பாக்கெட் போடுகிற இடத்தில் நிற்கிறவன். என் கைக்கு வரும்போது ரொட்டி ஆறி, துண்டு போட்டு, வரிசை கட்டி வந்துவிடும். ஐந்து வருஷமாக மாவைத் தொட்டதே இல்லை. அதனால் மாவு பிசைகிற பகுதியில் வேலை பார்க்கிற ஒருவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

நாலு கப் மைதா. ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், எண்ணெய் இரண்டு ஸ்பூன். தண்ணீர் ஒன்றேகால் கப், போதாவிட்டால் தெளித்துக்கொள். நீ கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருப்பாய், ஈஸ்ட் செத்திருக்கும். எறும்பைக் கைக்குழந்தையில் குளிப்பாட்டும்போது முழங்கையை வைத்துப் பார்ப்பாயே, அந்தச் சூடு போதும். சர்க்கரையும் ஈஸ்ட்டும் அதில் கலந்து பத்து நிமிடம் வை. நுரைத்தால் உயிர் இருக்கிறது. நுரைக்காவிட்டால் கொட்டிவிடு, மேலே போகாதே.

பத்து நிமிடம் பிசை. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தள்ளு, மடி, கால் சுற்றுத் திருப்பு, மறுபடி தள்ளு. முதலில் பிசுபிசுவென்று ஒட்டும், பயந்து மாவை அள்ளிப் போட்டுவிடாதே. காது மடல் பதம் வரும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வை. இரண்டு மடங்கு ஆனதும் குத்தி, உருட்டி, ரொட்டி டின்னில் போட்டு, மறுபடி உப்ப விட்டுச் சுடு. தட்டினால் வெற்றுப் பெட்டி மாதிரிச் சத்தம் கேட்க வேண்டும்.

டிசம்பர் விஷயம் பார்க்கலாம். மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எறும்பின் அப்பா


ஜூலை 7

எறும்பின் அப்பாவுக்கு,

வந்துவிட்டது! தட்டினேன், சத்தம் கேட்டது. எறும்பு காதை வைத்துக் கேட்டுக் கன்னத்தைச் சுட்டுக்கொண்டாள். கவலைப்பட ஒன்றும் இல்லை.

இந்த வீட்டில் பிசைவதற்கு ஏது இடம்? அடுப்படி மேடையில் அடுப்பு போக ஒரு தட்டு வைக்கலாம். துணி வெட்டுகிற மேஜையைத் துடைத்துவிட்டு அதில்தான் பிசைந்தேன். பள்ளிச் சீருடை தைக்கிற பருவம், எவ்வளவு துடைத்தால்தான் என்ன. ஒரு ரொட்டித் துண்டில் நீல நூல் அரை முழம் வந்தது. "எங்கம்மா ரொட்டிக்கு ஓரம் அடிச்சிருக்காங்க" என்று எறும்பு பக்கத்து வீட்டு டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். நல்ல பக்கமாகப் பார்த்து வெட்டிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினேன். கேட்டவள் இரண்டு துண்டு தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டாளாம். உங்கள் மகள் அன்று நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது மகாராணிக்குப் பீட்சா வேண்டுமாம். எழுதுங்கள்.

நீங்கள் எழுதியதில் ரொட்டி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. டிசம்பர் ஒரே வரி. 'பார்க்கலாம்' என்று ஒரு வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையில் கிடைத்தால் பட்டன் தைக்கிற ஊசியால் வாயைத் தைத்துவிடுவேன். வீட்டுக்காரரிடம் மாடி அறையையும் கேட்டு வைத்திருக்கிறேன், நீங்கள் வந்தால் இடம் பற்றாது என்று. அவர் ஒவ்வொரு வாரமும், "என்னம்மா, வர்றாரா?" என்கிறார். நானும் பார்க்கலாம் என்கிறேன்.

எறும்பின் அம்மா


ஜூலை 25

எறும்பின் அம்மாவுக்கு,

நீல நூல் ரொட்டி இங்கே ஃபேக்டரியில் கிடைக்காது, அதற்குத் தனி விலை வைக்கலாம்.

பீட்சா ஒன்றும் பெரிய வித்தை இல்லை, நீ பயப்படாதே. மாவு அதேதான், தண்ணீர் மட்டும் இரண்டு ஸ்பூன் கூட. தக்காளியை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, பூண்டு தட்டிப் போட்டு, உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து வற்ற விடு. ஸ்பூனால் கோடு கிழித்தால் கோடு நிற்க வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணியாக இறக்கினால் அடி நொதநொதவென்று போய்விடும், எத்தனை தடவை பட்டாயிற்று. மாவைக் கட்டையால் தேய்க்காதே, உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய்விடும். நடுவிலிருந்து விரல் நுனியால் தள்ளிக்கொண்டே வெளியே போ, ஓரத்தைத் தொடாதே, அது தானாக உப்பிக்கொள்ளும்.

சீஸ் கண்டபடி போடாதே. குடமிளகாய், சோளம் போதும். வெங்காயம் பாதிக்கு மட்டும் போடு. சின்னவள் வெங்காயம் கண்ணில் பட்டாலே தட்டைத் தள்ளிவிடுவாள், அவள் பக்கம் சோளம் மட்டும் போடு.

ஓவனைப் பத்து நிமிடம் முன்னாலேயே முழுச் சூட்டில் வை. கதவு லேசாக விட்டுக்கொள்ளும், சூடு வெளியே போகும். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து நாலாக மடித்து மேல் இடுக்கில் செருகிவிடு, கப்பென்று நிற்கும். இடது பின்மூலையில் சூடு அதிகம், ஏழாவது நிமிடம் டிரேயை அரை வட்டம் திருப்பி வை. மணி அடிப்பதை நம்பாதே, இரண்டு நிமிடம் பிந்தித்தான் அடிக்கும். ஓரம் பழுப்பானதும் எடுத்துவிடு. சுடச்சுட வெட்டாதே, கொஞ்சம் பொறு, சீஸ் ஓடிவிடும்.

எறும்பு முதல் துண்டைக் கடிக்கும்போது என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுது. டிசம்பருக்கு அவசரப்படாதே, நல்லதே நடக்கும்.

எறும்பின் அப்பா


ஆகஸ்ட் 9

எறும்பின் அப்பாவுக்கு,

பீட்சா அச்சுப் பிசகாமல் வந்தது. இத்தனை நாளில் இந்த ஓவனில் இவ்வளவு அழகாக எதுவும் வெந்ததில்லை.

எறும்பு என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டீர்கள். சொல்கிறேன். முதல் துண்டைக் கடிக்கவில்லை. அவள் பக்கம் சோளம் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் வெங்காயம் போடல?" என்றாள். அப்பா எழுதியிருக்கிறார், உனக்குப் பிடிக்காதாம் என்றேன். "எனக்கா?" என்று சிரித்தாள். அவள் பச்சை வெங்காயத்தை ஆப்பிள் மாதிரிக் கடிப்பவள். வாய் நாறுகிறது என்று பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள், டீச்சர் எனக்குச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அதைப் போனில் சொல்லி நாம் சிரித்ததுகூட உண்டு.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் அன்று ராஜ மரியாதையோடு துண்டை நனைத்து, பிழிந்து, நாலாக மடித்துக் கதவிடுக்கில் செருகினேன். கப்பென்று நின்றது. நின்ற பிறகுதான் எனக்குத் தோன்றியது. கதவு விட்டுக்கொள்வதை நான் உங்களுக்கு எழுதவே இல்லை. நாங்கள் நாற்காலியை முட்டுக் கொடுத்துத்தான் இத்தனை நாள் சுட்டுக்கொண்டிருந்தோம். இடது பின்மூலை கருகுவதையும் எழுதவில்லை, கருகிய பக்கத்தை வெட்டிப் போட்டதால் கௌரவத்துக்காக விட்டுவிட்டேன். மணியை நான் கவனித்ததே இல்லை. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒருத்தர் அளவுக்கு வெட்டின துணியை இன்னொருத்தர் போட்டுக்கொண்டு வந்தால், தோள்பட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இத்தனை வருஷமாக அதுதானே என் பிழைப்பு.

புத்தம் புதுசு என்று பெட்டியோடு கொடுத்தீர்கள். பிரிக்காதே என்றீர்கள். மாவைத் தொட்டதே இல்லை என்றீர்கள். அறையில் கெட்டில்கூடக் கூடாது என்றீர்கள். எத்தனை தடவை பட்டாயிற்று என்றும் எழுதுகிறீர்கள். எங்கே பட்டீர்கள்? இந்த ஓவனில் யாருக்கு, எத்தனை நாள் சுட்டீர்கள்? வெங்காயம் பிடிக்காத சின்னவள் யார்?

எறும்பின் அம்மா


ஆகஸ்ட் 24

எறும்பின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. கட்டின புருஷனின் கடிதத்தைத் துணி மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஓட்டை தேடுகிறாய்.

சரி, கேட்டுவிட்டாய். அந்த ஓவன் புதுசு இல்லை. பழைய சாமான் கடையில் வாங்கியது. கடைக்காரர் கிழவர், கதவு இப்படி, மூலை இப்படி, மணி இப்படி என்று ஒன்று விடாமல் சொல்லி, துண்டு செருகுவதையும் காட்டித்தான் கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து வருகிறவன் பழைய சாமானோடு வந்து நின்றான் என்று உன் முகம் சுருங்கக் கூடாதென்று புதுசு என்று சொன்னேன். பிரித்தால் தெரிந்துவிடும் என்றுதான் பிரிக்காதே என்றேன். அது பொய், ஒத்துக்கொள்கிறேன். எத்தனை தடவை பட்டாயிற்று என்றது மாவுப் பகுதிக்காரர் சொன்னது, சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.

வெங்காயம் பற்றிக் கேட்டாய். நான் கிளம்பும்போது எறும்புக்கு மூன்று வயது. தட்டில் வெங்காயம் கிடந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் போடுவாள். எனக்குத் தெரிந்த எறும்பு அதுதான். அதற்கப்புறம் அவளுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. போனில் நீ சொன்னதை மறந்துவிட்டேன். அது என் குற்றமானால் தண்டனை கொடு.

அப்பா


செப்டம்பர் 6

எறும்பின் அப்பாவுக்கு,

மன்னித்துவிடுங்கள் என்று எழுத எனக்கு வராது, உங்களுக்கே தெரியும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

பொறுக்கிப் போடுவாள்தான். நான் மறந்தே போயிருந்தேன். உங்கள் தட்டில் வெங்காயம் குவிந்து கிடக்கும், நீங்களும் ஒன்றும் சொல்லாமல் தின்பீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தத் தட்டு ஞாபகம் வந்து அழுதேன். எறும்பு பார்த்துவிட்டு, "வெங்காயம் நறுக்கினியா?" என்று கேட்டாள்.

தனியாக இருந்து இருந்து புத்தி கோணலாகிவிட்டது. எல்லாவற்றையும் புரட்டி உள்பக்கம் பார்க்கச் சொல்கிறது. பழைய சாமான் கொண்டு வந்ததற்கு நான் முகம் சுளிப்பேன் என்று நினைத்தீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். நான் பழைய துணியைப் பிரித்துப் புதுசு தைக்கிறவள். சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே ரொட்டி தின்றிருப்போம்.

மாடி அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்று எழுதாதீர்கள், நான் பார்த்தாகிவிட்டது. டிசம்பரில் வாருங்கள். வேலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓவன் இருக்கிறது, என் மேஜை இருக்கிறது, நீங்கள் சுடுங்கள், நான் தைக்கிறேன். எறும்பு உங்களை வரைந்து இதோடு வைத்திருக்கிறாள். தலையில் இருப்பது தொப்பி இல்லையாம், ரொட்டியாம்.

எறும்பின் அம்மா


செப்டம்பர் 13

நேற்று உங்கள் எலக்ட்ரீஷியன் வந்தார். லீவில் வந்திருக்கிறாராம், எறும்புக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய கலர் பென்சில் பெட்டியைக் கொடுத்தார். நான் சுட்ட ரொட்டியும் டீயும் கொடுத்தேன். மனுஷர் சாப்பிட்டுவிட்டு, "ஆறு பேர் ரூம்ல இருந்துக்கிட்டு இதெல்லாம் எங்கம்மா" என்று சிரித்தார். மேல்கட்டிலில் உங்கள் பாடு எப்படி என்று கேட்டேன்.

"அவர் ரூமை விட்டுப் போயி மூணு வருஷம் ஆகுதேம்மா. உங்களுக்குத் தெரியாதா? லெட்டர் வந்தா நான் எடுத்து வைப்பேன், ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிட்டுப் போவார்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பாவம், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இனி நீங்கள் எழுதுவதில் ஒரு பொய் இருந்தாலும் எனக்குக் கடிதமே வேண்டாம்.


அக்டோபர் 1

எறும்பின் அம்மாவுக்கு,

பொய் இல்லாமல் எழுதுகிறேன். பலமுறை எழுத நினைத்திருக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய், ஆனால் அது உண்மை.

அவள் மாவு பிசைகிற பகுதியில் வேலை செய்கிறாள். நான் கேட்டு எழுதிய 'ஒருவர்' அவள்தான். நான் இங்கே வந்த இரண்டாம் வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது, உனக்குச் சொல்லவில்லை. விடுதிச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்தாள். அப்படி ஆரம்பித்தது. புருஷன் இல்லை. ஒரு பெண் குழந்தை, அப்போது மூன்று வயது. அந்தக் குழந்தைதான் வெங்காயத்தைத் தள்ளுவது. எறும்பு பொறுக்கிப் போட்டதும் உண்மைதான், ஆனால் பீட்சாவைப் பற்றி எழுதும்போது என் மனதில் இருந்தது இந்தக் குழந்தை. என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறது. நான் சொல்லித் தரவில்லை, தானாகக் கூப்பிட்டது.

நட்சத்திர ஸ்டிக்கரும் அது ஒட்டியதுதான். நாங்கள் பெரிய ஓவன் வாங்கினோம். இதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. நன்றாகத்தானே வேலை செய்கிறது, உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத் தவிர எந்த நினைப்பும் இல்லை.

ஒன்றை மறைத்தால் மறுபடி பொய் ஆகிவிடும், அதையும் சொல்கிறேன். ஊரில் எனக்கு ஒரு அக்காவும் அக்கா மகளும் இருக்கிறார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நீ என் அக்கா. "பாவம், அக்காவுக்குக் கொண்டு போங்க" என்று ஓவனைத் துடைத்து, பெட்டியில் வைத்து, டேப் சுற்றிக் கொடுத்தது அவள்தான். உன் கடிதம் வந்தால், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்பாள். உனக்குச் செய்முறை எழுதும்போது அடுப்படியிலிருந்தே, கதவுக்குத் துண்டு வைக்கிறதை எழுத மறந்துடாதீங்க, அக்கா கையைச் சுட்டுக்கப் போறாங்க என்று சொன்னதும் அவள்தான்.

டிசம்பரில் நான் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஏப்ரலிலேயே போட்டுவிட்டேன்.

குற்றம் முழுக்க என்மேல். உன் காலில் விழுந்து ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளுக்கு எதுவும் தெரியாது. எழுதுவதானால் விடுதி முகவரிக்கே எழுது.


அக்டோபர் 15

தம்பிக்கும், தம்பி மனைவிக்கும்,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா மகளும் சுகம். தம்பிக்குத் தனியாகவே எழுதி எழுதிப் பழகிவிட்டது, இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, முகவரி எப்படிக் கிடைத்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. ஓவன் வந்த பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை, நூல்கண்டு போட்டு வைத்திருந்தேன். அடியில் சுற்றிய பழுப்பு டேப்பைப் பிரித்தேன். ஓவனை வாங்கியபோது வீட்டுக்கு அனுப்பக் கடைக்காரர்கள் ஒட்டிய சீட்டு இருந்தது, உன் மனைவி பேர், தெரு, கதவு எண், எல்லாம் தெளிவாக. விடுதி முகவரிக்கு ஏன் போட வேண்டும்? அக்கா தம்பி வீட்டுக்குக் கடிதம் போடுவதில் என்ன ஒளிவுமறைவு?

அம்மா, உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முறைப்படி நான் உனக்கு நாத்தனார். நாத்தனார் என்றால் நாலு வார்த்தை குத்திக் காட்ட வேண்டும், எனக்கு உன்மேல் அது வரவில்லை. உன் ஓவன் நன்றாக இருக்கிறது. டிரே மூலையில் இருந்த கருகலைத் தேய்த்து எடுத்துவிட்டேன். நட்சத்திரத்தைச் சுரண்டவில்லை, அது ஒரு குழந்தை ஒட்டியது. துண்டு வைக்கச் சொன்னாயாமே, என் கை சுட்டுக்கொள்ளும் என்று. அதைப் படித்த அன்று முழுக்க நான் மிஷினில் உட்காரவில்லை. பதினோரு வருஷத்தில் என் கை சுடுமே என்று யோசித்த ஒரே ஆள் நீதான், அதுவும் நான் யாரென்று தெரியாமல்.

தம்பி, உன் அக்கா மகளுக்கு எட்டு வயது. உன் மூக்கு அப்படியே. அவள் உன்னை இனிமேல் மாமா என்று கூப்பிட வேண்டுமாம், முறை அப்படி வருகிறது. நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த வார்த்தையில் சொல்வதென்று எனக்குப் பிடிபடவில்லை. நீதான் வார்த்தைக்காரன், ஒரு பக்கம் நிறைய, அளவோடு எழுதுகிறவன். இதையும் எழுதி அனுப்பு, நான் எழுத்துப் பிசகாமல் படித்துக் காட்டிவிடுகிறேன். ஐந்து வருஷமாக அப்பா என்று கூப்பிட எதிரில் ஆள் இல்லை, மாற்றிக் கூப்பிடுவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. இன்னொரு மேஜை வாங்கி அங்கே ஏற்றிவிட்டேன், மாவுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று என்று இரண்டாகிவிட்டது. வெயில் நன்றாக விழுகிறது, மாவு சீக்கிரம் உப்புகிறது. வீட்டுக்காரர் போன வாரமும், "வர்றாரா?" என்று கேட்டார். தம்பிக்குத் தோதுப்படவில்லை என்றேன். "தம்பியா?" என்று ஒரு மாதிரிப் பார்த்தார்.

அம்மா, நீ என்னைப் பார்த்ததில்லை. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாயாமே. அதனால் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். தம்பி லீவில் வந்திருந்தபோது பக்கத்து வீட்டு டீச்சர் எடுத்தது. நீ கட்டிக் கொடுத்த பெட்டியைத் தம்பி கையில் பிடித்திருக்கிறான். அவன் தோளில் சாய்ந்து நிற்பது நான். காலைக் கட்டிக்கொண்டிருப்பது எறும்பு.

பின்பக்கம் அவள் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்: "அப்பா, அம்மா, நான், புது ஓவன்." அழித்துப் பார்த்தேன், போகவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அக்கா